என் கடைசி வரி, அவள் முதல் வரி

தை பிறந்து நாலு நாளாகிறது. லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். கூடத்துத் தரையில் இரண்டு நோட்டுகளை அருகருகே விரித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஒன்று என்னுடையது. சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட் பக்கம் வாங்கியது. சட்டைப் பைக்குள் அடங்கும். கப்பல் பட்டறையின் எண்ணெய்க் கறை அதன் ஓரமெல்லாம் ஏறியிருக்கிறது. மற்றது என் மனைவியுடையது. 192 பக்கம், கோடு போட்டது, பழைய காலண்டர் தாளால் அட்டை போட்டது. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியில் இருப்பதால் தாளில் லேசாகப் பெருங்காய வாசம். ஒவ்வொரு மாதமும் பிள்ளையார் சுழியோடு தொடங்குகிறது.

2012இல் நான் கப்பல் பட்டறை வேலைக்குப் போனதிலிருந்து இரண்டு பேரும் கணக்கு எழுதுகிறோம். ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது இந்த லீவில்தான் முதல் தடவை. இத்தனை வருஷமும் என் நோட்டுதான் குடும்பக் கணக்கு, அவளுடையது வெறும் வீட்டுச் செலவுக் குறிப்பு என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு தப்பு. எப்படித் தப்பு என்பதை என்னைப் போல ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக இருப்பவர்களுக்குச் சொல்லத்தான் இந்த ஒப்பீடு.

ஒரு வீட்டுக்கு ஏன் இரண்டு நோட்டு? சிங்கப்பூரில் நான் இருப்பது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில். மாதம் 6,000 வெள்ளிக்குக் குறையாத நிலையான சம்பளம் இருந்தால்தான் மனைவி மக்களை அங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியும். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள், எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. என் சம்பளம் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதனால் சம்பாத்தியம் ஒரு நாட்டில், குடும்பம் ஒரு நாட்டில்.

மாதிரிக்கு 2024 ஆகஸ்டை எடுத்துக்கொள்கிறேன். பெரிய நோய் நொடியோ பயணமோ இல்லாத மாதம்.

என் நோட்டில் அடிப்படைச் சம்பளம் 3,150 வெள்ளி, பன்னிரண்டு மணி நேர ஓவர்டைம் 297, ஆக வரவு 3,447. மூன்று பேர் சேர்ந்து இருக்கும் அறையில் என் பங்கு வாடகை 420. தண்ணி, கரண்ட் பங்கு 35. கேட்டரிங் சாப்பாடு 180. வெளியே டீ, பலகாரம் 60. போன் 20. பஸ், ரயில் 95. வருமான வரித் தவணை 30. இதர 75. இந்த எட்டு வரியும் சேர்ந்து 915. கடைசி வரி: ‘வீட்டுக்கு 2,000, அனுப்புகூலி 5’. மீதி 527 வெள்ளி. அடியில் இரட்டைக் கோடு.

அவள் நோட்டில் அதே மாதத்தின் முதல் வரி: ‘அவுக அனுப்புனது 1,26,400’. வெள்ளிக்கு 63 ரூபாய் 20 காசு கிடைத்த நாள் அது. அடுத்த வரி, தேங்காய் வெட்டு 9,200. பிறகு செலவு. வீட்டுக் கடன் தவணை 28,500. மளிகை 9,800. பால் 2,400. காய்கறி, மீன் 6,500. சிலிண்டர், கொண்டுவந்து போட்ட ஆளுக்குக் கொடுத்ததோடு 860. பள்ளிக்கூடத்துக்கு 14,000, வேனுக்கு 1,800. அத்தை மருந்து (என் அம்மாவுக்கு) 3,200. கரண்ட் பில் 1,940. மொய் 21,000. சீட்டு 10,000. தோப்புக்கு உரமும் கூலியும் 6,400. பன்னிரண்டு வரி. அதோடு பக்கம் முடிகிறது. கூட்டுத்தொகை இல்லை, மீதி இல்லை, கோடு இல்லை.

என் பக்கத்தின் கடைசி வரிதான் அவள் பக்கத்தின் முதல் வரி. என் நோட்டில் ‘வீட்டுக்கு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவது அவள் நோட்டில் பன்னிரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு ஆளையோ ஒரு கடமையையோ தேடிப் போகிறது. என் வருமானத்தில் பாதிக்கு மேலான தொகைக்கு, முக்கியமான கணக்கு என்று நான் நம்பிய நோட்டில் விவரமே கிடையாது.

முதலில் மாதம். எனக்கு மாதம் என்பது ஒன்றாம் தேதியிலிருந்து முப்பத்தொன்று வரை. சிங்கப்பூர்ச் சட்டப்படி மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளமும், பதினாலு நாளுக்குள் ஓவர்டைமும் கைக்கு வந்துவிட வேண்டும். அதனால் என் பக்கங்கள் அச்சில் வார்த்தது மாதிரி ஒரே அளவில் இருக்கின்றன. அவளுக்குப் பணம் வந்து சேரும் நாளில்தான் மாதம் பிறக்கிறது. ஏழாம் தேதி வந்தால் ஏழு, பத்தாம் தேதி வந்தால் பத்து. அதற்குள் மாதத்தோடு ஒட்டாத காரியங்கள் எத்தனையோ. தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருதரம். தேங்காய் வெட்டு நாற்பத்தைந்து நாளுக்கோ அறுபது நாளுக்கோ ஒருதரம். பள்ளிக்கூட ஃபீஸ் தவணைக்கு ஒருதரம். முகூர்த்தம் உள்ள மாதத்தில் மொய், ஆடியில் அது இறங்கிவிடும். அவளுடைய ஒரு மாதத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவள் நோட்டை ஆறு ஆறு மாதமாகப் படிக்க வேண்டும். நானோ ஒவ்வொரு மாதமும் போனில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் ஜனவரியில் புது நோட்டுப் போடுவேன். அவள் சித்திரை ஒன்றாம் தேதி மஞ்சள் தடவிப் புது நோட்டுப் போடுவாள். சிங்கப்பூரின் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வரியைப் பற்றி இருவரும் நினைக்காமலேயே அவரவர் நோட்டு அந்தந்த நாட்டு வரி ஆண்டோடு கிட்டத்தட்டப் பொருந்திப் போயிருக்கிறது. இந்திய வருமானத்துக்கான தாள்களை அவள் நோட்டிலிருந்தும், சிங்கப்பூருக்கானதை என் நோட்டிலிருந்தும் எடுத்தால் போதும், மாற்றிப் பிரித்துக் கூட்ட வேண்டிய வேலை பெரிதாக இல்லை. இரண்டையும் ஒரே நோட்டாக்கியிருந்தால் இது கெட்டுப்போயிருக்கும்.

அடுத்தது மொய். இதில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

அந்த ஆகஸ்டில் 21,000 என்று கேட்டதும் போனில் சத்தம் போட்டுவிட்டேன். பட்டறை வெயிலில் நின்று சம்பாதிக்கிற காசு ஒரே மாதத்தில் மொய்க்கு இவ்வளவு போவதா என்று. அவள் கோபப்படவில்லை. “இது செலவு இல்லைங்க. நம்ம கிரகப்பிரவேசத்துக்கு வந்தது திரும்பிப் போகுது” என்றாள். எனக்குப் புரியவில்லை, விட்டுவிட்டேன். இப்போது அவள் நோட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. முன்பக்கம் வரவு செலவு. நோட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பின்னாலிருந்து பார்த்தால் மொய்க் கணக்கு. ஊர், பெயர், எந்த விசேஷம், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது. 2021இல் எங்கள் புது வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களில் ஐந்து வீட்டில் அந்த ஆவணியில் விசேஷம். அவர்கள் எங்களுக்குச் செய்தது 15,500. அதைத் திருப்பி, மேலே 5,500 புதிதாகப் போட்டிருக்கிறாள். முதல் தொகை கடன் அடைத்தது. இரண்டாவது நாளைக்கு எங்கள் பெண்ணின் கல்யாணத்தில் திரும்பி வரப்போவது. கடைசி ரூபாய் வரை பார்த்தாலும் அதில் ‘செலவு’ என்று சொல்ல ஒன்றுமில்லை. அறந்தாங்கி, பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக வைத்து முதல் திரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அது வட்டியில்லாத வங்கி.

இதே விஷயம் என் நோட்டில் எப்படி இருக்கிறது என்று தேடினேன். அறைத் தோழர் ஒருவருக்கு மார்ச்சில் 300 வெள்ளி கைமாற்றுக் கொடுத்திருக்கிறேன். ‘செலவு 300’ என்று எழுதியிருக்கிறது. அவர் மே மாதம் திருப்பிக் கொடுத்தார், நன்றாக நினைவிருக்கிறது. மே பக்கத்தில் அந்த வரவே இல்லை. வந்த காசு சட்டைப் பையில் கரைந்து, டீயாகவும் போன் கார்டாகவும் போயிருக்க வேண்டும். கொடுத்ததையும் செலவழித்ததையும் ஒரே வரிசையில் எழுதும் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஓட்டைதான். அவள் முன்பக்கமும் பின்பக்கமும் பிரித்து வைத்திருக்கிறாள். எனக்குப் பின்பக்கமே இல்லை.

அவளுடைய முறையிலும் குறை உண்டு. அவள் வரவையும் செலவையும் நான் கூட்டிப் பார்த்தேன். வரவு 1,35,600, செலவு 1,06,400, மீதி 29,200. “இது எங்கே?” என்று கேட்டேன். “அடகுல இருந்த செயினை மீட்டதுக்கு 25,000. ரசீது பீரோவுல இருக்கே, அதையும் எதுக்கு எழுதணும்?” என்றாள். நாலாயிரத்துச் சொச்சம் அடுத்த மாதத்துக்குள் கலந்துவிட்டது. ரசீது இருப்பதெல்லாம் அவளுக்குக் கணக்கு, எழுத வேண்டியது ரசீது இல்லாததை மட்டும். இது நினைவு நன்றாக இருக்கும்வரை ஓடும் முறை. என் நோட்டில் தேதியில்லாத வரி ஒன்றுகூட இல்லை. மாதம் முடிந்தால் மீதி என்ன, அது எந்த வங்கியில் என்பது தெரியும். அந்த ஒழுங்கு அவள் பக்கத்துக்கு வேண்டும். அவளுடைய பின்பக்கம் என் பக்கத்துக்கு வேண்டும்.

இனி, இரண்டு நாட்டில் வாழ்பவர்களை அதிகம் ஏமாற்றும் விஷயம்: நாணய மாற்று விகிதம்.

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பேன். 2012இல் வெள்ளிக்கு 43 ரூபாய்க்குப் பக்கம். ஒரு டீ ஒரு வெள்ளி என்றால் 43 ரூபாய்க்கு டீயா என்று குடிக்காமலே வருவேன். அங்கே சம்பாதித்து அங்கே செலவழிக்கிற காசை ஊர்க் காசில் பெருக்கினால் எதுவும் வாங்கத் தோன்றாது. உடம்புதான் கெடும். அவளுக்கோ எதிர்ப்பக்கம் சறுக்கல். 2020இல் வெள்ளி 53 ரூபாய் அளவில் இருந்தபோது 2,000 வெள்ளி அனுப்பினால் 1,06,000. 2024இல் அதே 2,000 வெள்ளிக்கு 1,26,400. என் நோட்டில் ஒரு காசு கூடவில்லை, அவள் நோட்டில் இருபதாயிரம் கூடியிருக்கிறது. நாங்கள் இருவருமே அதை வளர்ச்சி என்று நம்பினோம். இப்போது அவளுடைய 2020, 2024 நோட்டுகளில் மளிகையையும் மீனையும் மருந்தையும் வரிக்கு வரி வைத்துப் பார்க்கிறேன். கூடின இருபதாயிரத்தில் பெரும்பங்கை அந்த வரிகளே தின்றிருக்கின்றன. ரூபாய் இளைத்ததை எங்கள் சேமிப்பு கொழுத்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஒரு வரி மட்டும் எங்களுக்குச் சாதகமாக நடந்தது போலத் தெரிந்தது. அதுதான் வீட்டுக் கடன் தவணை. 2020இல் 28,500 ரூபாய் கட்ட எனக்கு 538 வெள்ளி ஆனது. 2024இல் 451 வெள்ளி போதும். கடன் ரூபாயில், சம்பாத்தியம் வெள்ளியில் என்றால் ரூபாய் இளைக்க இளைக்கத் தவணையின் பாரம் குறையும். இதைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குப் பெரிய நிம்மதி.

போன வாரம் கடன் அறிக்கையை வாங்கிப் பார்க்கும்வரை அந்த நிம்மதி இருந்தது. 2022 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்றத் தொடங்கியது. 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம். எங்கள் கடன் மிதக்கும் வட்டிக் கடன். ஏழு சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்த வட்டி ஒன்பதைத் தாண்டியிருக்கிறது. தவணைத் தொகையை ஏற்றாமல், கடன் முடியும் தேதியை நாலு வருஷத்துக்குப் பக்கமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் கண்ணில் படுகிற மாதிரி யாரும் சொல்லவில்லை. என் நோட்டில் ‘வீட்டுக்கு 2,000’. அவள் நோட்டில் மாதம் தவறாமல் ‘தவணை 28,500’. இரண்டு நோட்டிலும் எழுத்துப் பிழை இல்லை, கூட்டல் பிழை இல்லை, நாலு வருஷக் கடன் மட்டும் எங்கள் முதுகுக்குப் பின்னால் முளைத்திருக்கிறது. மாத வரவு செலவை எத்தனை ஒழுங்காக எழுதினாலும், கடன் பாக்கி இன்று எவ்வளவு என்று ஒரு வரி இல்லாவிட்டால் அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையை வாங்கி, பாக்கித் தொகையையும் முடியும் மாதத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

2018 நவம்பர் பக்கத்தை இரண்டு நோட்டிலும் எடுத்து வைத்தேன். அந்த மாதம் 16ஆம் தேதி கஜா புயல். நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கத்துத் தென்னையை எல்லாம் சாய்த்தது. எங்கள் தோப்பில் 110 மரத்தில் 74 விழுந்தன. என் நோட்டில் அந்த மாதமும் கோடு கிழித்து முடிந்திருக்கிறது. ஒரு வித்தியாசம், ‘வீட்டுக்கு’ என்ற வரி இரண்டு தடவை வருகிறது, இரண்டாவதற்குப் பக்கத்தில் ‘கடன் வாங்கி’ என்று எழுதியிருக்கிறேன். அவள் நோட்டில் பதினைந்தாம் தேதிக்குப் பிறகு மூன்று வாரம் வெற்றுத்தாள். கரண்ட் இல்லை, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் யார் எழுதுவார்கள். பிறகு டிசம்பரில் தார்ப்பாய், ஓடு, மரம் அறுக்கக் கூலி, கன்று என்று வரிசையாக வருகிறது. தேங்காய் வெட்டு என்ற வரவு அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் சொற்பம். 2024 ஆகஸ்டில் வந்த 9,200இல் புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகளின் முதல் காய்களும் உண்டு. என் நோட்டை மட்டும் படிக்கும் ஒருவருக்கு எங்கள் ஊரில் புயலடித்ததே தெரியாது. தெரிவது, இவர் நவம்பரில் இரண்டு தடவை பணம் அனுப்பினார் என்பது மட்டும்.

பணம் போகும் வழி மாறியதும் கணக்கை மாற்றியிருக்கிறது. முன்பெல்லாம் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நிற்போம். மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு ரசீது, ஒரு வரி. 2023 பிப்ரவரி 21இல் சிங்கப்பூரின் பேநவ்வையும் இந்தியாவின் யூபிஐயையும் இணைத்தார்கள். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை, அதாவது சுமார் ஆயிரம் வெள்ளி வரை, போனிலிருந்தே அனுப்பலாம் என்றார்கள். பெரிய வசதி, மறுக்கவில்லை. அம்மாவுக்கு ராத்திரி மூச்சுத் திணறியபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மைத்துனருக்கு அடுத்த நிமிஷமே பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு என் நோட்டில் ‘வீட்டுக்கு’ வரிகள் சிதறத் தொடங்கிவிட்டன. 50, 80, 40 என்று அனுப்பியிருக்கிறேன். அவள் பக்கம் இவற்றில் பாதி ஏறவே இல்லை. மைத்துனருக்குப் போனது, பையன் கேட்டது, கோயில் வரி என்று அவள் கைக்கே வராத பணம். 2023 முழுவதும் நான் அனுப்பியதாக எழுதியதையும், அவள் வந்ததாக எழுதியதையும் ஒப்பிட்டால் 900 வெள்ளிக்கு மேல் இடைவெளி. திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை. வரிசையில் நிற்கும் சிரமம் போனதோடு எழுதும் பழக்கமும் போயிருக்கிறது.

வங்கிக் கணக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதில் அடிபட்டவன். வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகும் ஊரில் இருந்த பழைய சேமிப்புக் கணக்கிலேயே வருஷக்கணக்கில் பணம் போட்டுக்கொண்டிருந்தேன். அது கூடாது. வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கு, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவும் தடையில்லை. ஊரில் வரும் தேங்காய்க் காசு, வாடகை போன்றவற்றுக்கு என்ஆர்ஓ கணக்கு, பழைய சேமிப்புக் கணக்கையே அப்படி மாற்றித் தருவார்கள். அதன் வட்டியில் 30 சதவீதமும் மேல்வரியும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இரண்டு கணக்கையும் கலக்காமல் வைத்திருப்பதே பாதிக் கணக்கு எழுதியதற்குச் சமம். இன்னொரு விஷயம், நான் அனுப்பும் பணத்தை மனைவி பெயரில் வைப்புநிதி போட்டால் வரி தப்பிவிடும் என்று ஊரில் பலர் சொல்வார்கள். கணவன் கொடுத்த பணத்தில் வரும் வட்டியைக் கணவனின் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள். அவள் நோட்டில் அந்த வட்டி வரவாக இருந்தாலும் வரிக் கணக்கில் அது என்னுடையது.

இரண்டு நாட்டுக் கணக்கு எங்களுக்குத்தான் புதிது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் செட்டிநாடு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில் ஏஜென்டுகள் மூன்று வருஷம் போல இருந்து, தமிழிலேயே பேரேடு எழுதி, ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். ரங்கூனில் கொடுத்ததும் காரைக்குடியில் வாங்கியதும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பது அவர்களுக்கு உயிர்நாடி. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய மு.சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார் என்றால், பணம் எந்தப் பாதையில் ஓடியது என்பது அதிலேயே தெரிகிறது. அவர்களிடம் நான் எடுத்துக்கொண்டது ஒன்று: அங்கத்திய கணக்கு அங்கத்திய கணக்காக இருக்கட்டும், இங்கத்தியது இங்கத்தியதாக இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவில் போய்வருவதற்கு மட்டும் தனிப் பேரேடு. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது அந்தப் பேரேடுகளில் இருந்த சொத்தில் பெரும்பகுதி கையை விட்டுப் போனது. சேர்த்ததை எந்த நாட்டில் வைத்திருக்கிறோம் என்பதையும் கணக்கில் ஒரு பத்தியாக எழுத வேண்டும் என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட இரண்டாவது விஷயம்.

என் பக்கத்தில் மாதாமாதம் மீதியாகும் 527 வெள்ளி இங்கேதான் முக்கியமாகிறது. என்னோடு வேலை பார்க்கும் சிங்கப்பூர்க்காரருக்கு மத்திய சேமநிதி உண்டு. 55 வயது வரை அவர் சம்பளத்திலிருந்து 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம் என்று தானாகச் சேர்ந்துவிடும். பாஸில் இருக்கும் எங்களுக்கு அது கிடையாது. அவருக்குச் சட்டம் சேர்த்து வைப்பதை எனக்கு இந்தச் சட்டைப்பை நோட்டுதான் சேர்த்து வைக்க வேண்டும். பாஸ் புதுப்பிக்காவிட்டால் சில வாரத்தில் கிளம்ப வேண்டிய வாழ்க்கை. அதனால் அந்த மீதியில் விமான டிக்கெட்டுக்கும் இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் ஆகும் அளவை வெள்ளியாகவே அங்கே வைக்கிறேன். மிச்சம் எல்லாம் ஊருக்கு, ரூபாயாக. பெண்ணின் படிப்பும் கல்யாணமும், தோப்பும் கடனும் ரூபாயில்தான் கேட்கப்போகின்றன. எந்த நாணயத்தில் செலவழிக்கப் போகிறோமோ அந்த நாணயத்தில் எண்ணினால்தான் சேமிப்பு எவ்வளவு என்பது தெரியும். எங்கள் வீட்டில் அந்த நாணயம் அவள் நோட்டில் இருப்பது. சம்பாதிப்பது என் நோட்டில் நடக்கிறது, ஆனால் குடும்பத்தின் கணக்கு தீர்வது அவள் நோட்டில்.

பொங்கலுக்கு மறுநாள் உட்கார்ந்து இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். நோட்டுகளை ஒன்றாக்குவதில்லை. நான் வெள்ளியில் எழுதுவேன், அவள் ரூபாயில் எழுதுவாள், யாரும் பெருக்குவதோ வகுப்பதோ இல்லை. நடுவில் ஒரு மெல்லிய நோட்டு மட்டும் புதிது. அதில் தேதி, எத்தனை வெள்ளி, என்ன விகிதம், அனுப்புகூலி, எத்தனை ரூபாய், யார் கைக்கு, எதற்கு. ஐம்பது வெள்ளி போனாலும் அதில் ஏற வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு போனில் அவள் ஒரு வரி வாசிக்க நான் ஒரு வரி வாசிக்க வேண்டும். அதன் கடைசிப் பக்கத்தில் வீட்டுக் கடன் பாக்கியும் முடியும் மாதமும். செயின் மீட்டதைப் போல ரசீது உள்ளதையும் இனி எழுதுவதாக அவள் ஒப்புக்கொண்டாள். கைமாற்றுக்கு நோட்டின் பின்பக்கத்தை ஒதுக்குவதாக நான் ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள், “அது என்னங்க, மாசா மாசம் இதர 75?” முடிவெட்டு, சோப்பு, எப்போதாவது நண்பர்களோடு சினிமா, ஒரு சட்டை. சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் அவள் நோட்டில் அந்த மாதிரி வரி எங்கே என்று தேடினேன். பன்னிரண்டு ஆண்டு, பன்னிரண்டு நோட்டு. அத்தைக்கு, பிள்ளைகளுக்கு, மாட்டுக்கு, தென்னைக்கு, ஊருக்கு. அவளுக்கென்று எழுதிய வரி தீபாவளிச் சேலையைத் தவிர என் கண்ணில் படவில்லை.

தேடும்போது இன்னொன்றைப் பார்த்தேன். 2013 நோட்டில் அவள் எழுத்து கடுகு மாதிரி இருக்கிறது, ஒரு கோட்டுக்குள் இரண்டு வரி எழுதியிருக்கிறாள். 2019இல் கோட்டுக்கு ஒரு வரி. 2023இல் ஒரு கோடு விட்டு ஒரு கோடு. போன கார்த்திகையில் எழுத்து இரண்டு கோட்டை நிறைத்துக்கொண்டு, எட்டுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கிறது. தாள் வீணாகிறதே என்று போனில் ஒருதரம் நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். வாட்சாப்பில் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவாள், நான் தொகையை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

நேற்று அறந்தாங்கிக்குக் கூட்டிப் போனேன். சோதித்தவர், இதை இரண்டு வருஷத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும் என்றார். ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தை மாதத்தை எழுதினாள். பிள்ளையார் சுழி, தேதி, பிறகு முதல் செலவு: ‘எனக்குக் கண்ணாடி 1,850’. ஒரே கோட்டுக்குள், சின்ன எழுத்தில்.